இறங்கும் சந்தையில் ஒரு தானியங்கி முதலீட்டுச் சேவை: ஒரு மதிப்புரை

பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் நம் பணத்தைப் பிரித்துப் போட்டு, விகிதம் மாறும்போது திருத்தி, கேள்வி கேட்டால் எழுத்தில் பதில் தரும் இணையவழி முதலீட்டுச் சேவைகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றைச் சந்தை ஏறிய காலத்திலும் கடுமையாக இறங்கிய காலத்திலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் இயங்கும் மற்றச் சேவைகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும் என்பதால், பெயர் இல்லாமல் படித்தாலும் வாசகருக்கு நஷ்டமில்லை.

ஏறும் சந்தையில் எல்லாச் சேவையும் நல்ல சேவையாகவே தோன்றும். திரையில் பச்சை நிறம் இருக்கும்வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்விகள் எழுவது இறக்கத்தில்தான். விற்றுவிடலாமா, மாதத் தவணையை நிறுத்தலாமா, கையில் இருக்கும் பணத்தை இப்போதே போடலாமா, கடன் பத்திர ஃபண்டும் சேர்ந்து இறங்குகிறதே அது ஏன், பாதி விலைக்கு வந்துவிட்ட பங்கை இன்னும் வைத்திருக்கலாமா என்பவை சாதாரண முதலீட்டாளர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விகள். இந்தச் சேவை அவற்றுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை வைத்தே இதை எடைபோடுகிறேன். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுமுன் "இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்" என்று திருப்பிக் கேட்பதுதான் இதன் பெரும் பலம். அந்த ஒழுங்கிலிருந்து விலகும் இடங்களிலெல்லாம் இது சறுக்குகிறது.

கணக்கு தொடங்கும்போது வரும் கேள்விப் பட்டியலிலேயே இந்தப் பலம் தெரிகிறது. பெரும்பாலான சேவைகள் வயதையும் வருமானத்தையும் கேட்டுவிட்டு, "சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்" என்று ஒரு கற்பனைக் கேள்வியைக் கேட்டு, அதற்குத் தரும் பதிலை வைத்து நம்மைத் துணிச்சல்காரர், நடுத்தரர், எச்சரிக்கையானவர் என்று முத்திரை குத்திவிடும். சந்தை அமைதியாக இருக்கும்போது அந்தக் கேள்விக்கு எல்லாருமே தைரியமாகப் பதில் சொல்வார்கள். இந்தச் சேவையில் அந்தக் கேள்வி இருந்தாலும் அதற்கு அதிக எடை இல்லை. முதல் பக்கம் முழுவதும் தேவைகளைப் பற்றியது. பிள்ளைகளின் படிப்புச் செலவு எந்த ஆண்டில், வீட்டுக்கு முன்பணம் எந்த ஆண்டில், ஓய்வுக்குப் பிறகு மாதம் எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும், எத்தனை மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பை ஒதுக்குகிறது. அவசரகால நிதி ஆறு மாதச் செலவுக்குக் குறைவாக இருந்தால், பங்கு சார்ந்த எந்தப் பையையும் திறக்குமுன் அதை நிரப்பும்படி சொல்கிறது. தாண்டிப் போக வழி உண்டு. ஆனால் தாண்டுவதற்கு நாமே ஒரு காரணத்தை எழுதித் தர வேண்டும்.

எழுத வைப்பது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும், இறக்கத்தின்போது அதன் மதிப்பு புரிகிறது. "விற்பனை" என்ற பொத்தானை அழுத்தியவுடன் ஆர்டர் போய்விடுவதில்லை. இடையில் ஒரு பக்கம் வருகிறது. மேல் பாதியில், அந்தப் பையின் தேவை எந்த ஆண்டு என்று நாம் முன்பு எழுதியது அப்படியே நம் சொற்களிலேயே நிற்கிறது. அதன் கீழே, இப்போது விற்றால் கைக்கு வரும் தொகை, தோராயமாகக் கட்ட வேண்டிய வரி, வெளியேற்றக் கட்டணம் இருந்தால் அது, விற்றபின் அந்தப் பையில் மிஞ்சும் பங்கு விகிதம் ஆகிய நான்கும் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "இந்தத் தொகையை எதற்கு, எப்போது பயன்படுத்தப் போகிறீர்கள்?" அதை நிரப்பினால் ஆர்டர் போகும். நம்மைத் தடுக்கவுமில்லை, பயமுறுத்தவுமில்லை, ஆறுதல் வார்த்தைகளும் இல்லை. நான் பார்த்த முதலீட்டுத் திரைகளிலேயே மிகுந்த அக்கறையோடு வடிவமைக்கப்பட்ட பக்கம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்படி ஒரு நிதானம் ஏன் தேவை என்பதற்கு விளக்கம் உண்டு. உளவியல் ஆய்வாளர்களான டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் காட்டியபடி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டம் தரும் வலி மனிதருக்குச் சுமார் இரண்டு மடங்கு கனமாக இருக்கிறது. ஆகவே விலை விழும் நாளில் "எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பரவலாகப் பிரித்து வாங்கப்பட்ட ஃபண்ட் என்பது நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் உரிமை. அத்தனையும் ஒரே நாளில் எரிந்து சாம்பலாகிவிடுவதில்லை. அவற்றுக்கு அன்றைக்குப் பிறர் தர முன்வரும் விலைதான் குறைந்திருக்கிறது.

விற்றுவிடலாமா என்ற கேள்விக்கு இந்தச் சேவையின் பதில் பகுதி தரும் வரலாற்று விவரங்கள் நேர்மையானவை. அமெரிக்காவின் சுமார் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2020 பிப்ரவரி 19-இலிருந்து மார்ச் 23-க்குள் சுமார் 34 சதவீதம் விழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதே குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை சுமார் 57 சதவீதம் விழுந்தபோது, நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபமான டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், பழைய உச்சத்துக்குத் திரும்ப 2013 வரை ஆனது. இரண்டும் இறக்கம்தான், ஆனால் முதலாவதைச் சில மாதப் பொறுமையில் கடந்துவிடலாம், இரண்டாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்கக்கூடிய நிலை வேண்டும். இறங்கத் தொடங்கும்போது இது எந்த வகை என்பது யாருக்கும் தெரியாது. பதில் பகுதி இதைச் சொல்லிவிட்டு, ஐந்தாண்டுகளுக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கக் கூடாது என்ற விதியை நினைவூட்டுகிறது. தேவை அடுத்த ஆண்டே வருகிறது என்று எழுதியவருக்கு, விலை குறைந்திருந்தாலும் தேவையான அளவை விற்று வெளியே எடுத்துவிடும்படியே சொல்கிறது. "நீண்ட கால நோக்கில் பொறுத்திருங்கள்" என்று கேட்டவர் எல்லாருக்கும் ஒரே பதிலை ஒப்பிக்கும் ஆலோசகர்களிடம் இந்தத் தெளிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

விற்றுவிட்டு, நிலைமை தெளிந்தபின் திரும்ப நுழையலாம் என்பது அடுத்தபடியாக எல்லாரும் கேட்பது. அதற்குச் சேவை காட்டும் உதாரணம் 2020 மார்ச். எஸ் அண்ட் பி 500 அந்த மாதம் 12-ஆம் தேதி ஒன்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மறுநாளே ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. 16-ஆம் தேதி ஏறக்குறைய 12 சதவீதம் விழுந்தது. 24-ஆம் தேதி மறுபடியும் ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2008 அக்டோபரிலும் இதே கதைதான்: நெருக்கடியின் நடுவிலேயே ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிய நாள்கள் இரண்டு வந்தன. பெரும் ஏற்றங்கள் பெரும் இறக்கங்களுக்குப் பக்கத்திலேயே வருவதால், வெளியேறியவர் திரும்ப நுழைவதற்கான "தெளிவான" நாள் என்று ஒன்று வருவதே இல்லை. வெளியேறும் முடிவும் நுழையும் முடிவும் இரண்டும் சரியாக அமைய வேண்டும் என்பது இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காத ஒன்று.

சந்தை எப்படியும் மீண்டுவிடும் என்ற உறுதிமொழியையும் இது தருவதில்லை. அதற்காகவே இதன் மீது எனக்கு மதிப்பு கூடியது. ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அதைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. உச்சத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே நாட்டில் போட்டவரின் உழைப்புக் காலமே கழிந்திருக்கும். பல நாடுகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்து வைத்து, ஆண்டுகள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போட்டவருக்கு அந்த அடி அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்வதை இந்தச் சேவை கணக்காக மாற்றி, ஒரே நாட்டின் பங்குகள் ஒரு பையில் எத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நாம் விரும்பினால் இறுக்கலாம், தளர்த்த முடியாது.

மாதத் தவணையை, அதாவது பலரும் எஸ்.ஐ.பி. என்று சொல்லும் முதலீட்டை, நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வரும் பதில் சுருக்கமானது, போதுமானதும்கூட. மாதம் 1,000 வீதம் போடுபவர், ஃபண்டின் ஒரு கூறான யூனிட்டின் விலை 50 ஆக இருக்கும்போது 20 யூனிட்டும், 40 ஆகும்போது 25 யூனிட்டும், 25-க்கு விழும்போது 40 யூனிட்டும் பெறுகிறார். மூன்று மாத விலைகளின் சராசரி 38-க்குச் சற்று மேல். அவருக்கு ஒரு யூனிட் விழுந்த விலையோ 35-க்குச் சற்று மேல். விலை குறைந்த மாதத்தில் நிறுத்தியிருந்தால் அந்த 40 யூனிட் கைக்கு வந்திருக்காது. வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால் தயங்காமல் நிறுத்தச் சொல்கிறது. அப்படி நிறுத்துவதற்குத் தண்டம் எதுவும் இல்லை. சந்தை பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்த விரும்பினால், தொகையைப் பாதியாகக் குறைக்கும் வழியை முதலில் காட்டுகிறது. இது நல்ல யோசனை. முழுதாக நிறுத்தியவர்களைவிடப் பாதியாகக் குறைத்தவர்கள் திரும்பப் பழைய தொகைக்கு வருவது எளிது என்பது என் எண்ணம்.

மறுசமன் செய்தல், அதாவது ரீபேலன்ஸிங், இந்தச் சேவையின் உயிர்நாடி. இதற்காக மட்டுமே கட்டணம் கொடுத்தாலும் தகும் என்பேன். பங்கு 60, கடன் பத்திரம் 40 என்று நூறாகப் பிரித்து வைத்த ஒருவரின் பங்குப் பகுதி 30 சதவீதம் விழுகிறது, கடன் பத்திரம் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பங்கு 42, கடன் பத்திரம் 40, மொத்தம் 82. பங்கின் விகிதம் 51-க்குச் சற்று மேல் இறங்கிவிட்டது. பழைய 60-க்குக் கொண்டுவர 7.2 அளவைக் கடன் பத்திரத்திலிருந்து எடுத்துப் பங்கு வாங்க வேண்டும். கணக்கு எளிது, செய்வதுதான் கடினம். எல்லாரும் விற்கும் நாளில் வாங்கவும், எல்லாரும் வாங்கும் நாளில் விற்கவும் மனம் ஒப்பாது. இந்தச் சேவை ஐந்து விழுக்காட்டுப் புள்ளி விலகினால் மட்டுமே மறுசமன் செய்கிறது. புதிதாக வரும் மாதத் தவணையையும் டிவிடெண்டையும் முதலில் குறைந்திருக்கும் பக்கம் திருப்பிவிட்டு, அதிலும் சரியாகவில்லை என்றால்தான் விற்பனைக்குப் போகிறது. இதனால் வரியும் மிச்சம், தேவையற்ற ஆர்டர்களும் மிச்சம். செய்யுமுன் ஒரு கடிதம் வருகிறது. எதை, எவ்வளவு, ஏன் என்று மூன்றே வரிகளில்.

இதில் ஒரு குறையும் உண்டு. விழுந்துகொண்டே போகும் சந்தையில் ஐந்து புள்ளிக்கு ஒரு தடவை வாங்கிக்கொண்டே இருந்தால், கடன் பத்திரப் பகுதி கரைந்துகொண்டே போகும். ஓய்வு பெற்று, மாதா மாதம் பணம் எடுப்பவருக்கு இது ஆபத்தானது. நூறு வைத்திருந்து ஆண்டுக்கு ஐந்து எடுப்பவரின் இருப்பு எழுபதாகக் குறைந்தால், அதே ஐந்து இப்போது ஏழு சதவீதத்துக்கு மேலாகிவிடுகிறது. விலை மீண்டாலும் விற்றுத் தீர்ந்த யூனிட்டுகள் திரும்பி வருவதில்லை. ஓய்வுக் காலத்தின் முதல் சில ஆண்டுகளில் வரும் இறக்கம் பிந்திய ஆண்டுகளில் வரும் அதே அளவு இறக்கத்தைவிட அதிகச் சேதம் செய்வது இதனால்தான். இரண்டு மூன்று ஆண்டுச் செலவை மறுசமன் தொடாத தனிப் பையில் வைக்கும் வசதி இந்தச் சேவையில் இருக்கிறது. ஆனால் அது அமைப்புகளின் ஆழத்தில் எங்கோ ஒளிந்து கிடக்கிறது. ஓய்வூதியப் பையைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அது தானாகவே இயங்கும்படி வைத்திருக்க வேண்டும். இதை நிறுவனத்துக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, மாற்றம் இன்னும் வரவில்லை.

மிகப் பெரிய குறை கடன் பத்திர ஃபண்டுகளைப் பற்றிய விளக்கத்தில் இருக்கிறது. அவற்றைச் சேவை "நிலையான பகுதி" என்று திரையில் பெயரிட்டிருக்கிறது. அந்தப் பெயர் முதலீட்டாளரைத் தவறான நம்பிக்கையில் வைக்கும். 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து நான்கு சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண்டில் உயர்த்தியபோது, அந்நாட்டின் பரந்த கடன் பத்திரக் குறியீடு சுமார் 13 சதவீதம் விழுந்தது. பங்குச் சந்தையும் டிவிடெண்டைச் சேர்த்துப் பார்த்தாலே சுமார் 18 சதவீதம் விழுந்திருந்தது. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு இரண்டு பக்கமும் அடி. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்பது பலருக்கும் புரியாத விஷயம். குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தை, கூடுதல் வட்டி தரும் புதிய பத்திரம் சந்தையில் கிடைக்கும்போது, விலையைக் குறைத்தால் தவிர யாரும் வாங்கமாட்டார்கள். எவ்வளவு குறையும் என்பதற்கு "டியூரேஷன்" என்ற அளவு இருக்கிறது. ஒரு ஃபண்டின் டியூரேஷன் ஏழு ஆண்டு என்றால், வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறும்போது அதன் மதிப்பு சுமார் ஏழு சதவீதம் இறங்கும். அந்த எண்ணை ஒவ்வொரு ஃபண்டின் பக்கத்திலும் முகப்பிலேயே போட்டு, "இந்தப் பணம் எப்போது தேவை" என்ற கேள்வியோடு இணைத்திருந்தால் போதும். இரண்டாண்டில் தேவைப்படும் பணத்தை ஏழாண்டு டியூரேஷன் உள்ள ஃபண்டில் யாரும் வைக்கமாட்டார்கள். தன் சிறந்த கேள்வியை மிகவும் தேவைப்படும் இடத்தில் இந்தச் சேவை கேட்கத் தவறுகிறது.

பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் குறுகிய காலக் கடன் ஃபண்டுகளைப் பற்றியும் ஒரு சொல் தேவை. அவை வங்கி வைப்பு ஆகா. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற அமெரிக்கப் பணச் சந்தை ஃபண்டின் யூனிட் மதிப்பு ஒரு டாலருக்குக் கீழே, 97 சென்டுக்கு இறங்கியது. பணத்தைத் திரும்ப எடுப்பதும் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் நஷ்டம் மூன்று சதவீதம்தான். ஆனால் சம்பளம் கொடுக்கவும் வாடகை கட்டவும் அதை நம்பியிருந்தவர்களுக்குப் பணம் உரிய நாளில் கிடைக்காததே பெரிய இடியாக இருந்தது. அவசரகால நிதியில் பாதியையாவது வங்கியிலேயே வைக்கும்படி இந்தச் சேவை வற்புறுத்துவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

தனிப் பங்குகளை வைத்திருப்பவர்களுக்காக ஒரு பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது. பாதி விலைக்கு வந்துவிட்ட பங்கை என்ன செய்வது என்ற கேள்வியை இங்கே நன்றாகக் கையாள்கிறார்கள். ஐம்பது சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர நூறு சதவீதம் ஏற வேண்டும் என்ற எளிய கணக்கை முதலில் காட்டி, பின்பு "இந்தப் பங்கு உங்களிடம் இல்லாமல், இதே தொகை ரொக்கமாக இருந்தால், இன்று இதை வாங்குவீர்களா" என்று கேட்கிறார்கள். வாங்கிய விலையை மறந்துவிட்டு யோசிக்க வைப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. பரந்த குறியீடுகள் மீண்டு வந்த வரலாறு தனி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்கிறார்கள். திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானும், மேலே சொன்ன லேமனும் மீண்டு வரவே இல்லை. விலை குறைய குறைய அதே பங்கை மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்பவர்களுக்கு இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்கும்படி சொல்வேன்.

ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டுவிட்டால் நிம்மதி என்ற எண்ணத்தையும் அதே பகுதி திருத்துகிறது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே வந்தால் விற்கும்படி நாம் வைக்கும் ஆர்டர், அந்த விலையிலேயே விற்கும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. அந்த விலை தொடப்பட்டவுடன் சாதாரண மார்க்கெட் ஆர்டராக மாறி, அப்போது கிடைக்கும் விலைக்குப் போய்விடும். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் சில நிமிடங்களில் நடந்த சரிவின்போது, நல்ல நிறுவனங்களின் பங்குகள் சிலவே ஒரு சென்டுக்கு வர்த்தகமாயின. மிக மோசமான அந்த வர்த்தகங்கள் பிறகு ரத்து செய்யப்பட்டன. 2015 ஆகஸ்ட் 24 காலையில் பங்குபோலச் சந்தையிலேயே வாங்கி விற்கப்படும் ஃபண்டுகளான இ.டி.எஃப்.கள் பல தம்முள் இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட மிகவும் கீழே விற்றன. மியூச்சுவல் ஃபண்டில் அந்த நாளின் இறுதி என்.ஏ.வி., அதாவது யூனிட் ஒன்றின் நிகர மதிப்புதான் கிடைக்கும் என்பது சிலருக்குக் குறையாகத் தெரியலாம். கொந்தளிப்பான காலைகளில் அதுவே பாதுகாப்பு. இ.டி.எஃப். வாங்குபவர் விலை வரம்பை முன்கூட்டியே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டுமே போடுவதும், சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிர்ப்பதும் நல்லது. சேவையின் திரையில் மார்க்கெட் ஆர்டர் தானாகத் தேர்வாகியே வருகிறது. இதைத் திருத்த வேண்டும்.

இவ்வளவு கவனத்தோடு திரைகளை அமைத்தவர்கள் கைபேசி அறிவிப்புகளை இப்படி விட்டிருப்பது வருத்தம் தருகிறது. சந்தை இரண்டு சதவீதம் விழுந்தாலே "உங்கள் முதலீட்டைப் பாருங்கள்" என்று ஓர் அறிவிப்பு வந்துவிடுகிறது. இருபது ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தை இன்று மதியம் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதன் விளைவு என்ன என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நிதித்துறை ஆய்வாளர்களான பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் இருவரும் 1991 முதல் 1996 வரை அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 66,465 குடும்பக் கணக்குகளை ஆராய்ந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம், அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 சதவீதம். அறிவிப்புகளை அணைக்க வழி இருக்கிறது. கணக்கு தொடங்கும் அன்றே அதை அணைத்துவிடும்படி புதிதாகச் சேருபவர்கள் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஃபண்டுகளின் பட்டியலும் இதே போக்கில்தான் இருக்கிறது. கடந்த ஓராண்டு வருமானத்தின் வரிசையில் முதலில் அடுக்கிக் காட்டுகிறது. போன ஆண்டு முதலிடத்தில் இருந்த ஃபண்ட் பெரும்பாலும் ஒரே துறையில் கனமாக நிற்கும் ஃபண்டாக இருக்கும். இறக்கம் வரும்போது அதுவே முதலில் அடிபடும். ஃபண்ட் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணமான செலவு விகிதத்தின் வரிசையில் அடுக்கியிருக்கலாம். வருமானம் நம் கையில் இல்லை, செலவு நம் கையில் இருக்கிறது. நூறு என்ற தொகை ஆண்டுக்கு ஏழு சதவீதம் வளர்ந்தால் முப்பது ஆண்டில் 761 ஆகும். ஒரு சதவீதம் கட்டணத்துக்குப் போய் ஆறு சதவீதமே வளர்ந்தால் 574. ஒரே ஒரு சதவீதம் இறுதித் தொகையில் ஏறக்குறைய கால் பங்கை விழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் வேன்கார்ட் நிறுவனத்தை நிறுவிய ஜான் போகில் 1976-இல் சாதாரண முதலீட்டாளருக்கான முதல் குறியீட்டு ஃபண்டை, அதாவது ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டை, தொடங்கியபோது முன்வைத்த வாதத்தின் சாரமே இதுதான். சேவையின் சொந்தக் கட்டணம் மிதமானது. அது பரிந்துரைக்கும் ஃபண்டுகளும் பெரும்பாலும் செலவு குறைந்த குறியீட்டு ஃபண்டுகளே. ஆனால் இரண்டையும் கூட்டி நாம் மொத்தமாக ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்ற ஒரே எண் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாமே கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுத்துவழிக் கேள்விக்கான பதில் சாதாரண நாள்களில் ஒரே நாளில் வந்துவிடும். சந்தை கடுமையாக விழுந்த நாள்களில் தாமதமாகிறது. அப்போதுதான் கேட்பவர்கள் அதிகம் என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடியதே என்றாலும், பதில் தேவைப்படுவதும் அப்போதுதான். தாமதமாக வந்தாலும், வரும் பதில்களை மனிதர்களே எழுதுகிறார்கள், கேட்டவரின் பைகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். கையில் மொத்தமாக ஒரு தொகை வந்திருக்கிறது, ஒரே தடவையில் போடலாமா என்று கேட்ட என் உறவினர் ஒருவருக்கு வந்த பதிலை நான் படித்தேன். ஒரே தடவையில் போடுவது கடந்த கால வரலாற்றில் பெரும்பாலும் கூடுதல் பலன் தந்திருக்கிறது என்றும், ஆனாலும் போட்ட மறுமாதமே விழுந்தால் அவர் தாங்கமாட்டார் என்பதை அவருடைய பழைய பதில்கள் காட்டுவதால் பத்துத் தவணைகளாகப் பிரிப்பது அவருக்குப் பொருந்தும் என்றும், பிரித்தபின் இடையில் நிறுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். கணக்கையும் மனிதரையும் சேர்த்துப் பார்த்த பதில் அது.

இந்தச் சேவை யாருக்குப் பொருந்தும் என்றால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்து இருபது ஆண்டுத் தேவைகளுக்காகச் சேர்த்துவரும், சந்தையைத் தினமும் பின்தொடர நேரமோ விருப்பமோ இல்லாத குடும்பத்தினருக்கு நன்றாகப் பொருந்தும். தனிப் பங்குகளைத் தாமே ஆராய்ந்து வாங்குபவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், நான் மேலே சொன்ன தனிப் பையை முதலில் அமைத்துக்கொண்டு, மறுசமன் அதைத் தொடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு சேரலாம். சேருமுன் எல்லாரும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, வெளியேறும் வழியைப் பற்றியது: யூனிட்டுகளை விற்காமலேயே வேறு சேவைக்கு மாற்ற முடியுமா, அவை யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன, நிறுவனம் மூடப்பட்டால் யாரிடமிருந்து அவற்றைப் பெறுவது. இங்கே யூனிட்டுகள் முதலீட்டாளரின் பெயரிலேயே ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவாகின்றன, விற்காமல் மாற்றவும் முடிகிறது. மாற்றுவதற்கான படிவம் உதவிப் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. கணக்கு தொடங்கும் முன்பே அதைத் திறந்து ஒரு தடவை முழுமையாகப் படித்துவிடுங்கள்.